பிகு பண்ணும் புளூஃபின்: சான்டியேகோ கரையோரத்தில் சூரை பிடிக்கப் பழகுபவர்களுக்கு

சான்டியேகோவின் பாயின்ட் லோமா முனையிலிருந்து ஒன்பது, பத்து மைல்தான் வந்திருப்போம். திரும்பிப் பார்த்தால் கரை இன்னும் தெரியும். படகுக்கு நாற்பது அடி தள்ளி முப்பது பவுண்டுச் சூரைகள் தண்ணீரைக் கிழித்துத் துள்ளிக்கொண்டிருக்கும். இருபது பேர் இரை போட்டிருப்பார்கள். அத்தனை இரையையும் கண்டும் காணாததுபோல் அவை கடந்து போய்விடும்.

என் முதல் இரண்டு கோடைகள் இப்படித்தான் போயின. விலை உயர்ந்த ராடு வாங்கினேன், ரீலை மாற்றினேன், ஐஸ் பெட்டி மட்டும் காலியாகவே வீட்டுக்கு வந்தது. மூன்றாவது கோடையில் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் காலை பத்து மணிக்குள் தனக்கு அனுமதியுள்ள இரண்டு மீனையும் பிடித்துவிட்டார். அவருடைய ராடு என்னுடையதைவிடப் பழையது. அன்று முழுக்க அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரைத் தொட்டியில் ஒரு சாளையை எடுக்க அவர் எடுத்துக்கொண்ட நேரம், நான் மூன்று இரையை மாட்டி எறியும் நேரம். அதன் பிறகு நான் கற்றுக்கொண்ட எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த ஒரு காட்சிதான். இரை தன் போக்கில் நீந்த வேண்டும். ராடு, ரீல், தூண்டில் நரம்பு எல்லாம் அதற்கு இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் போதும்.

ஏன் இவ்வளவு பிகு?

பசிபிக் புளூஃபின் என்ற இந்தச் சூரை பிறப்பது இந்தப் பக்கத்தில் இல்லை. ஜப்பானை ஒட்டிய கடல்களிலும் அதற்குத் தெற்கே ஒகினாவா பக்கத்திலும் முட்டையிலிருந்து வருகிறது. குஞ்சுகளில் ஒரு பகுதி முதல் ஓரிரு வயதில் பசிபிக் பெருங்கடலையே கடந்து கலிஃபோர்னியா, மெக்சிகோ கரைக்கு வந்து, சில வருடம் தின்று கொழுத்து, முட்டையிடத் திரும்பிப் போகிறது. நம் ஊர்க் கடலில் கிடைக்கும் மஞ்சள்துடுப்புச் சூரைக்கும் வரிச்சூரைக்கும் உறவுதான், ஆனால் குணம் வேறு.

புளூஃபினின் உடம்பு சூடு. தசையில் உண்டாகும் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும் இரத்தக் குழாய்ப் பின்னல் அதற்கு உண்டு. கண்ணையும் மூளையையும்கூடக் கடல் நீரைவிடச் சூடாக வைத்துக்கொள்கிறது. அதனால் குளிர்ந்த நீரிலும் பார்வை மங்குவதில்லை. தெளிந்த தண்ணீரில் நடுப்பகல் வெயிலில் தடித்த நரம்பு அதற்குக் கயிறு மாதிரி தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணம், வயிறு நிறைய எளிதாகக் கிடைக்கும் தீனி. இந்தக் கரையோரம் நெத்திலி மொய்க்கும் வருடங்களில் சூரை விரல் நீள மீனைக் கூட்டமாக வாரித் தின்னும். அப்போது ஒரு ஜாண் சாளையை ஏறிட்டும் பார்க்காது. செந்நிறக் குட்டி நண்டுகள் கூட்டமாக மிதந்து வரும் காலத்தில் இன்னும் மோசம். அதனால் முதல் மீன் படகில் ஏறியதும் அது கக்கியது என்ன என்று பாருங்கள். அன்று எந்த அளவு தூண்டில் முள், எந்த அளவு இரை என்று முடிவு செய்ய அதைவிட நல்ல தகவல் கிடையாது.

எப்போது, எந்தப் படகில்

2014, 2015-இல் இங்கே கடல் வழக்கத்தைவிட வெப்பமாக இருந்தது. அந்தக் காலத்திலிருந்து புளூஃபின் வருடா வருடம் தாராளமாக வந்துகொண்டிருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை நல்ல பருவம். முன்னே பின்னேயும் கிடைக்கும். கரைக்கு அருகே என்றால் ஒன்பது மைல் பேங்க் (பேங்க் என்றால் கடலடி மேடு), கொரனாடோ தீவுகளைச் சுற்றிய இடம், வடக்கே ஓஷன்சைடு, டேனா பாயின்ட் எதிரே உள்ள ஆழ்கடல் பள்ளங்களின் விளிம்பு ஆகியவற்றைச் சொல்லலாம். தூரத்தில் சான் கிளமென்ட்டி தீவு, அதற்கும் அப்பால் டானர், கோர்டெஸ் பேங்குகள். அங்கேதான் 200 பவுண்டைத் தாண்டும் பெரிய மீன்கள் அதிகம். புதியவர்களுக்கு அது வேண்டாம். கரையோரத்தில் திரியும் பதினைந்து முதல் நாற்பது பவுண்டு மீன்தான் பழக ஏற்றது.

சொந்தப் படகு இல்லாவிட்டால் கவலையில்லை. மீன்பிடிப் படகுகள் கிளம்பும் துறைகளை இங்கே லேண்டிங் என்பார்கள். பாயின்ட் லோமாவில் ஃபிஷர்மேன்ஸ் லேண்டிங், எச் அண்ட் எம் லேண்டிங், பாயின்ட் லோமா ஸ்போர்ட்ஃபிஷிங்; மிஷன் பேயில் சீஃபோர்த். இவை எல்லாம் ஆளுக்கு ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு ஏறும் படகுகளை நடத்துகின்றன. அரை நாள் படகு பெரும்பாலும் சூரையைத் தேடிப் போகாது. முழு நாள் அல்லது இரவு கிளம்பி மறுநாள் மாலை திரும்பும் படகில் இடம் போடுங்கள். விடியலில் மீன்மேல் நிற்கலாம், அந்த மங்கல் வெளிச்ச நேரம்தான் பொன்னான நேரம். பதிவு செய்யும்போதே எத்தனை பேரை ஏற்றுவார்கள் என்று கேளுங்கள். பிகு பண்ணும் மீனுக்கு இருபது பேர் படகு நாற்பது பேர் படகைவிட எவ்வளவோ மேல். கூடுதல் காசு கொடுத்தாலும் தகும்.

குமட்டல் மாத்திரையை முதல் நாள் இரவே போட்டுக்கொள்ளுங்கள். படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

சட்டம்

பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கலிஃபோர்னியா மீன்பிடி உரிமம் கட்டாயம். வருட உரிமம் எடுத்தால் தென் கலிஃபோர்னியக் கடலுக்கு என்று ஒரு கூடுதல் முத்திரையும் வாங்க வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள் உரிமத்துக்கு அது தேவையில்லை. முதல் முறை போகிறவர்கள் ஒரு நாள் உரிமம் எடுத்துப் பாருங்கள்.

புளூஃபின் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டுதான். 2015-க்கு முன் பத்து வரை பிடிக்கலாம் என்று இருந்தது. இந்த இனம் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு, 2010-ஐ ஒட்டிய வருடங்களில் மீன்பிடியே இல்லாதிருந்தால் இருந்திருக்கும் முட்டையிடும் கூட்டத்தில் சுமார் நூற்றுக்கு இரண்டு பங்காகச் சுருங்கிப் போயிருந்தது. பல நாடுகள் சேர்ந்து கட்டுப்பாடு போட்டன. 2024-இல் வந்த மதிப்பீடு அது நூற்றுக்கு இருபதைத் தாண்டி மீண்டுவிட்டது என்கிறது. நம் கண்முன்னே துள்ளும் ஒவ்வொரு மீனும் அந்தக் கட்டுப்பாட்டின் பலன். இரண்டு பிடித்தபின் ராடைக் கீழே வைத்துவிடுங்கள். எண்ணிக்கை விதிகள் மாறக்கூடியவை, கிளம்பும் முன் மாநில மீன்வளத் துறையின் இணையதளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளவும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கொரனாடோ தீவுகள் மெக்சிகோவைச் சேர்ந்தவை. படகு அந்த எல்லைக்குள் போவதாக இருந்தால் பாஸ்போர்ட்டும் மெக்சிகோ அனுமதிச் சீட்டும் வேண்டும். வேலை விசாவில் இருப்பவர்கள் பணம் கட்டும் முன்னரே லேண்டிங்கில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாமான்

எல்லா லேண்டிங்கிலும் ராடும் ரீலும் வாடகைக்குக் கிடைக்கும். முதல் பயணத்துக்கு அது போதும். சொந்தமாக வாங்குவதென்றால் ஏழு, எட்டு அடி ராடு, தங்குதடையின்றி இழுபடும் டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விடும் பிரேக்) உள்ள ரீல், உள்ளே 50 அல்லது 65 பவுண்டுப் பின்னல் நரம்பு. இந்தப் பின்னல் நரம்பு மெல்லியது, நிறையக் கொள்ளும். மீன் ஓடும்போது முந்நூறு கெஜமாவது கையிருப்பு வேண்டும்.

காசைச் செலவு செய்ய வேண்டிய இடம் கடைசி ஆறடி. அங்கே ஃபுளோரோகார்பன் நரம்பு கட்டுங்கள். ஒளியை வளைப்பதில் சாதாரண நைலானைவிட இது தண்ணீருக்கு நெருக்கமானது, அதனால் மீன் கண்ணுக்கு எளிதில் படாது. முப்பது பவுண்டில் தொடங்கலாம். மீன் இருக்கிறது, யாருக்கும் கடிக்கவில்லை என்றால் இருபத்தைந்து, இருபது என்று இறங்குங்கள். மெல்லிய நரம்பில் சில மீன் அறுத்துக்கொண்டு போகும்தான். ஆனால் கடித்தால்தானே அறுப்பதைப் பற்றிப் பேச முடியும்.

முள்ளும் சிறியதாக இருக்கட்டும். சாளைக்கு 1 அல்லது 1/0 எண் வட்ட முள், நெத்திலிக்கு 4 அல்லது 2. கனமான முள் மாட்டிய சாளை பத்தே நிமிடத்தில் களைத்துவிடும்.

கட்டுவதற்குச் சான்டியேகோ முடிச்சு என்றே ஒன்று உண்டு. நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, நுனியைத் திருப்பி மேலே கொண்டுவாருங்கள். பிறகு இரட்டை இழையின்மேல் முள்ளை நோக்கிக் கீழ்முகமாக ஆறேழு சுற்று. நுனியைக் காதை ஒட்டிய இடைவெளியில் நுழைத்து, அங்கிருந்து மேலே இருக்கும் வளையத்திலும் நுழைத்து மெதுவாக இழுக்க வேண்டும். இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த நரம்பு உரசிச் சூடானால் அந்த இடம் வலுவிழந்துவிடும். முடிச்சை வீட்டில் இருபது முறை போட்டுப் பழகுங்கள், ஆடும் படகில் விடியல் இருட்டில் கற்றுக்கொள்ள முடியாது.

டிராக் அளவு நரம்பின் பலத்தில் கால் பங்கு. முப்பது பவுண்டு நரம்புக்கு ஏழெட்டு பவுண்டு இழுவை. சின்னத் தராசு வைத்துக் கரையிலேயே அளந்து வைத்துவிட்டால் படகில் தொட வேண்டியிராது.

இரைத் தொட்டியின் முன்னால்

இனி அந்தப் பெரியவர் செய்ததைச் சொல்கிறேன்.

தொட்டியில் நூற்றுக்கணக்கான சாளைகள் வட்டமடித்துக்கொண்டிருக்கும். எளிதில் கையில் சிக்குவது நோஞ்சான். மூக்கு சிவந்து கன்றியிருக்கும், பக்கவாட்டில் செதில் உதிர்ந்து வெளுத்திருக்கும். அதை விடுங்கள். முதுகு பசுமை மாறாமல், செதில் முழுதாக, வலையைக் கண்டதும் விலகி ஓடும் ஒன்று இருக்கும். அதுதான் வேண்டும். சிறு வலையால் கோரி எடுத்து, முதலில் கையைத் தண்ணீரில் நனைத்து, கட்டை விரலும் இரண்டு விரலுமாகத் தலைக்குப் பின்னால் அணைத்துப் பிடியுங்கள். நசுக்கக் கூடாது. உலர்ந்த கையால் பிடித்தால் உள்ளங்கையில் செதில்கள் வெள்ளிக் காசுபோல் ஒட்டிக்கொண்டு வரும். செதில் போன சாளை ஐந்து நிமிடம்தான் தாங்கும்.

மாட்டுவதற்கு இரண்டு இடம். ஒன்று மூக்கு. கண்ணுக்கு முன்னால், வாய்க்கு மேலே, வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடிபோல் தெரியும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதில் முள்ளைக் குறுக்கே செலுத்துங்கள். இன்னொன்று கழுத்து. செவுள் மூடிக்குப் பின்னால் கெட்டியான ஓர் எலும்பு விளிம்பு விரலில் தட்டுப்படும். அதன் அடியில் மேலோட்டமாகக் கொடுத்து எடுங்கள். கழுத்தில் மாட்டிய சாளை படகை விட்டு விலகி, கீழ்நோக்கி ஓடும். எனக்கு அதுதான் அதிகம் பலன் தந்திருக்கிறது. கைக்கு வந்ததிலிருந்து தண்ணீருக்குப் போகும்வரை பத்து விநாடிக்குமேல் ஆகக் கூடாது.

காற்று முகத்தில் அடிக்கும் பக்கம் போய் நில்லுங்கள். இயந்திரத்தை நிறுத்திய படகு காற்றோடு நகரும். அப்போது உங்கள் நரம்பு படகுக்கு அடியில் போகாமல் விலகிச் செல்லும். சாளையைக் கையை வீசி மெதுவாகத் தண்ணீரில் விடுங்கள், அறைந்து எறியாதீர்கள். ரீலைத் தளர விட்டு, சுருளின்மேல் கட்டை விரலைப் பட்டும் படாமலும் வையுங்கள். நல்ல சாளை உடனே ஓடும், நரம்பு துடித்துத் துடித்து வெளியேறும். அது ஓட ஓட விட்டுக்கொடுங்கள். நரம்பு இறுகி நின்றால் சாளை இழுபடும். இழுபடும் மீன் செத்த மீனைப்போலத் தெரியும், சூரை அதைத் தொடாது.

உங்கள் நரம்பு எந்தத் திசையில் போகிறதோ அதற்கு நேர் எதிரே எப்போதும் நில்லுங்கள். அது இடப்பக்கம் நகர்ந்தால் நீங்களும் நகருங்கள். பக்கத்தில் இருப்பவருடைய நரம்புக்கு மேலே போக வேண்டுமா, கீழே போக வேண்டுமா என்று பணியாளர் சத்தம் போட்டுச் சொல்வார். அவர் சொல்வதைக் கேட்டு நடந்தால் சிக்கல் வராது.

சாளை ஓடுவதை நிறுத்திவிட்டால் மாற்றுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றினாலும் தவறில்லை. நாள் முழுக்க ஒரே இரையைத் தொங்கவிட்டுக் காத்திருப்பவர் பக்கம் சூரை வருவதை நான் பார்த்ததில்லை.

கடிக்கும் நொடி

முதலில் சாளை பதறும். கட்டை விரலுக்கடியில் நரம்பு படபடவென்று அடித்துக்கொள்ளும். சூரை பின்னால் வந்துவிட்டது என்று அர்த்தம். எதுவும் செய்யாதீர்கள். அடுத்து நரம்பு சீராக, வேகமாக, நிற்காமல் ஓடத் தொடங்கும். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். ராடு முனையை மீனை நோக்கித் தாழ்த்தி, ரீல் நெம்புகோலைப் போட்டு, சுற்றுங்கள். ராடை வெடுக்கென்று மேலே தூக்கக் கூடாது. வட்ட முள் தானாகவே வாயோரத்தில் போய்ப் பொருந்தும் வகையில் வளைக்கப்பட்டது. வெட்டி இழுத்தால் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தூண்டிலை வெட்டி இழுத்தே பழகிய நம் ஊர்க் கைக்கு இதைக் கற்பதுதான் கஷ்டம். நானே நான்கைந்து மீனை இப்படி இழந்திருக்கிறேன்.

முதல் ஓட்டத்தில் நூறு கெஜம் போகும். போகட்டும். டிராக்கைத் தொடாதீர்கள். நின்றதும், படகுக் கம்பியில் ராடின் அடிப்பகுதியைத் தாங்கக் கொடுத்து, சின்னச் சின்னதாகத் தூக்கிச் சின்னச் சின்னதாகச் சுற்றுங்கள். கடைசியில் மீன் படகுக்கு நேர் கீழே வட்டமடிக்கும். வட்டத்தில் அது உங்களை நோக்கி வரும் பாதியில் சுற்றுங்கள், விலகும் பாதியில் பிடித்துக்கொண்டு மட்டும் நில்லுங்கள். நிறம் தெரிந்ததும் பணியாளரைக் கூப்பிடுங்கள். கொக்கிக் கம்பி போடுவது அவர் வேலை. நீங்கள் பின்னால் ஓர் எட்டு வைத்து, மீனின் தலையை அவர் பக்கம் கொடுத்தால் போதும்.

சாளைக்கு மசியாத நாளில்

மீன் மேலே வராமல் நூறு, நூற்றைம்பது அடியில் நிற்கிறது என்று கேப்டன் ஒலிபெருக்கியில் சொன்னால், முள்ளிலிருந்து இருபத்தைந்து அடி மேலே ரப்பர் வளையத்தால் ஆறு அவுன்ஸ் ஈயக்குண்டைக் கட்டி, சாளையோடு இறக்குங்கள். கூச்சமுள்ள மீனுக்கு இது நல்ல மருந்து.

தண்ணீர் வெள்ளை நுரையாகும் அளவுக்கு மீன் மேலே பொங்கித் தின்றால், அறுபது, எண்பது கிராம் எடையுள்ள மெல்லிய வெள்ளி நிற ஜிக்கை (உலோகப் போலி இரை) கூட்டத்துக்கு அப்பால் எறிந்து வேகமாகச் சுற்றுங்கள். கூட்டத்தின் நடுவில் விழுந்தால் கலைந்து முங்கிவிடும். சொந்தப் படகில் இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஆலாக் குருவிகள் விழுந்து விழுந்து கொத்துவதைக் கண்டதும் இயந்திர முழக்கத்தோடு அதன்மேல் ஏறிப் போகாதீர்கள். மீன் போகும் திசையைக் கணித்து, அதற்கு முன்னால் காற்று வரும் பக்கமாகச் சுற்றிப் போய், இயந்திரத்தை அணைத்துவிட்டு, கூட்டம் உங்களிடம் வரும்வரை காத்திருங்கள். சாளையை வாரி இறைக்கவும் வேண்டாம், ஒன்றிரண்டு போட்டாலே போதும்.

இரவு வேறு கதை. இருட்டில் நரம்பு தெரியாது. 80 பவுண்டு நரம்பில் 250 கிராம் கத்தி வடிவ ஜிக்கை ஆழத்தில் இறக்கி வாங்கலாம். பகலெல்லாம் முகம் கொடுக்காத பெரிய மீன் அப்போது அடிக்கும்.

கேப்டன்கள் காற்றாடி பறக்கவிட்டு, அதிலிருந்து பறவைக்கோலாவைத் தொங்கவிட்டுத் தண்ணீர்மேல் துள்ளவைப்பதையும் பார்ப்பீர்கள். நரம்பே தண்ணீரில் படாது, அதுதான் இதன் சூட்சுமம். வடமேற்கே உள்ள கட்டலினா தீவின் அவலான் ஊரில் 1898-இல் சூரைச் சங்கம் தொடங்கிய சார்ல்ஸ் ஹோல்டர், ராடில் 183 பவுண்டு புளூஃபின் பிடித்தார். காற்றாடி வித்தையைப் பிற்பாடு அதே ஊரின் கேப்டன் ஜார்ஜ் ஃபார்ன்ஸ்வொர்த் கண்டுபிடித்தார். இந்த மீனின் பிகுவுக்கு நூறு வருடத்துக்கு முன்பே ஆட்கள் மாற்று யோசித்திருக்கிறார்கள்.

மீன் ஏறிய பிறகு

சண்டை போட்ட சூரையின் உடம்பு கொதிக்கும். அப்படியே விட்டால் சதை வெளுத்துப் புளிப்பேறிவிடும். ஜப்பானியர் இதை எரிந்த சதை என்பார்கள். அதனால் உடனே மூளையில் குத்திச் சாகடிக்க வேண்டும். பக்கத் துடுப்புக்குப் பின்னால் மூன்று விரல் தள்ளி இருபுறமும் ஒரு வெட்டு, செவுளில் ஒரு வெட்டு. இரத்தம் வடிந்ததும் கடல்நீரும் ஐஸும் கலந்த குழம்பில் முழுக முழுகப் போட வேண்டும். வெறும் ஐஸ்மேல் வைப்பதைவிட அதில் வேகமாகக் குளிரும். படகில் பணியாளர்கள் இதைச் செய்வார்கள், ஆனாலும் பக்கத்தில் நின்று கவனியுங்கள், கேட்டால் சொல்லித்தருவார்கள். சீட்டு விலையில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது அவர்களுக்குத் தனியாகக் கொடுப்பது இங்கே வழக்கம்.

படகிலேயே வெட்டுவதாக இருந்தால் சட்டப்படி ஆறு துண்டு: நான்கு சதைத் துண்டம், துடுப்போடு கழுத்து, துடுப்போடு வயிறு. ஒரு மீன் ஒரே பையில். எந்த மீன் என்று அதிகாரி பார்த்தால் தெரிய வேண்டும் என்பதற்காக. நமக்கு அதிலும் லாபம்தான், கழுத்தும் வயிறும்தான் இந்த மீனிலேயே ருசியானவை.

வீட்டுக்கு வந்ததும் துண்டங்களைக் கழுவாதீர்கள். தாளால் ஒற்றி எடுத்து, புதிய தாளில் சுற்றி, ஃபிரிட்ஜின் மிகக் குளிர்ந்த தட்டில் ஒரு நாள் ஓய்வாக விடுங்கள். கழுத்துக்கு உப்பு மட்டும் தடவி, தோல் கருகும்வரை தணலில் சுடுங்கள். வால் பக்கத்து நார்ச் சதையைத்தான் நான் புட்டுக்கு எடுப்பேன். மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தாராளமாகப் போட்டுக் கிளறினால், சுறாப் புட்டு தின்று வளர்ந்தவர்கள்கூட இரண்டாவது முறை கேட்பார்கள்.